தீண்டும் கைகளுக்கு அதிகாரம்

(மே 12 செவிலியர் நாளையொட்டி அமராவதி நகரில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விடுபட்ட சில விவரங்கள் எழுதும்போது சேர்க்கப்பட்டுள்ளன.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஐரோப்பிய மருத்துவத் துறைச் சீர்திருத்தத்தில் செவிலியர்'. நோட்டீசைப் பார்த்த ஒரு தோழர், "ஏனுங்க, அமராவதி அணை ஓரமா உக்காந்துக்கிட்டு ஐரோப்பாவத் திருத்தப் போறீங்களா?" என்று கேட்டார். ஐரோப்பாவைத் திருத்த அங்கே ஆள் இருக்கிறார்கள். அங்கே செவிலியர்கள் செய்ததையும் கேட்டதையும் தெரிந்துகொண்டால், இங்கே நம்ம பெண்கள் செய்ததற்கு என்ன பெயர் என்று நமக்குப் புரியும். அதற்காகத்தான் இந்தத் தலைப்புக்கு ஒத்துக்கொண்டேன்.

முதலில் அடிப்படையான ஒன்று. செவிலியர் வேலை என்பது என்ன? ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது என்று பட்டியல் போடலாம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தொடுதல். ரத்தத்தை, சீழை, வாந்தியை, மலத்தை, பிணத்தைத் தொடுவது. தொட்டால் தீட்டு என்று இரண்டாயிரம் வருசமாகச் சட்டம் எழுதி வைத்திருக்கிற ஒரு சமூகத்தில், தொடுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? மருத்துவத் துறையைப் பற்றிப் பேசுகிற நிபுணர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

பிரசவம் பார்ப்பவள் நம் ஊர்களில் யாராக இருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். நாவிதர் வீட்டுப் பெண் மருத்துவச்சி. தீட்டுத் துணி வெளுக்க வண்ணார் வீட்டுப் பெண். நஞ்சுக்கொடி புதைக்க, செத்த பிள்ளையை எடுத்துப் போட சேரியிலிருந்து ஒருத்தி. எங்கள் வளவில் பிரசவம் பார்த்தது எங்க அவ்வா. பண்ணாடி வீட்டு மாட்டுக்குக் கன்று திரும்பிக்கொண்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மாடு தொட்டால் தீட்டில்லை. அவளுக்குக் கூலி, கொட்டாங்குச்சியில் கம்பங்கூழும் முறத்தில் கொஞ்சம் தானியமும். அவள் கையில் இருந்தது அறிவு என்று யாரும் சொன்னதில்லை. எந்த விரலில் எவ்வளவு அழுத்தினால் பிள்ளை திரும்பும் என்பது அவளுக்குத் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

இந்த மே 12, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். 1820இல் பிறந்தவர். அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டரி மருத்துவமனைக்குப் போனார். குண்டடி பட்டுச் சாகிறவர்களைவிட நோய் பிடித்துச் சாகிறவர்கள் அதிகம் என்பதை எண்ணிக்கையாக, படமாக வரைந்து அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். கையில் விளக்கு வைத்திருந்த அம்மா என்று மட்டும் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அவர் கையில் கணக்கு இருந்ததைச் சொல்லவில்லை. சேவை செய்கிற பெண் என்றால் கொண்டாடலாம். கணக்குக் கேட்கிற பெண் என்றால் சங்கடம்.

நமக்கு இன்னொரு பெயர் உண்டு. சாவித்திரிபாய் பூலே. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, சொந்தக்காரர்களே விட்டுவிட்டு ஓடினார்கள். மருத்துவரான மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமுக்கு, நோய் கண்ட ஒரு மகர் சாதிப் பையனை முதுகில் தூக்கிக்கொண்டு போனார் அந்த அம்மா. அப்போது அவருக்கு வயது 66. அந்த நோயே தொற்றி 1897 மார்ச் 10 அன்று இறந்தார். பள்ளிக்கூடம் திறந்தவர் என்று அவரைத் தெரியும். தீண்டத்தகாத ஒரு குழந்தையைத் தீண்டியதற்காக உயிர் கொடுத்தவர் என்றும் தெரிந்திருக்க வேண்டும். செவிலியர் சங்கங்களின் சுவரில் நைட்டிங்கேல் படத்துக்குப் பக்கத்தில் சாவித்திரிபாய் படமும் தொங்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

நம் நாட்டில் நவீன செவிலியர் படிப்பு வளர்ந்தது பெரும்பாலும் மிஷன் மருத்துவமனைகளில். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பே வந்துவிட்டது. ஆனால் யார் படிக்க வந்தார்கள்? ஆதிக்கசாதி வீடுகள் பெண்ணை அனுப்பவில்லை. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவதா, மலச்சட்டி எடுப்பதா, ராத்திரி வேலையா என்று கேட்டார்கள். கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள். அதில் சேரியிலிருந்து மதம் மாறியவர்களின் பிள்ளைகளும் உண்டு. அதன் விளைவைக் கணக்கிலேயே பார்க்கலாம். 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, அன்றைய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் என்றும், 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்றும் சொன்னது. எந்த நாட்டிலும் மருத்துவரைவிடச் செவிலியர்தான் அதிகம் இருக்க வேண்டும். இங்கே தலைகீழ். ஏழை நாடு என்பதால் மட்டும் இப்படி ஆகாது. ஏழை நாட்டில் இரண்டுமே குறைவாக இருக்கும். தொடாமல் மருந்து எழுதுகிறவர் அதிகமாகவும் தொட்டுப் பராமரிப்பவர் குறைவாகவும் இருந்தால், அதற்குச் சாதி என்று பெயர்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருகிறேன். நம் மாநிலத்தின் மருத்துவச் சாதனை என்று எல்லா மேடையிலும் ஒரு புள்ளிவிவரம் சொல்வார்கள். ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறக்கும் தாய்மார் 2001-03இல் 134 பேர். 2018-20இல் 54 பேர். அதே 2018-20இல் இந்தியாவின் சராசரி 97. உண்மையிலேயே பெரிய சாதனைதான். எப்படி நடந்தது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பகலில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். பிள்ளை பகல் பார்த்தா பிறக்கிறது? 2000க்குப் பிந்தைய வருசங்களில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மூன்று செவிலியரைப் போட்டு, ஷிப்டு முறையில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினால் கதவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, உள்ளே ஒரு பெண் விழித்திருக்கிறாள் என்ற நிலை வந்தது. அந்தப் பெண்ணை இந்த நிலையத்துக்கு வரச்சொல்லி ஏழு மாதமாக வீடு வீடாக நடந்தவர் கிராம சுகாதார செவிலியர். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடப்பதாக வந்தது. இது ஒரு சீர்திருத்தம் இல்லையா? ஐரோப்பாவில் நடந்தால் ஆய்வுக் கட்டுரை எழுதியிருப்பார்கள். இங்கே அமைச்சர் படம் போட்ட பேனர் வைத்தார்கள்.

நம் தலைக்கு மேலே இருக்கிற மலையையே பாருங்கள். தளிஞ்சி, குழிப்பட்டி, குருமலை. அங்கிருந்து வயிற்றுவலி கண்ட பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கி இறக்கிய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 'பயனாளி பதிவு செய்யப்பட்டார்' என்று ஒரு வரி கணினியில் ஏறுவதற்கு, காட்டுப்பாதையில் ஒரு நர்சம்மா எத்தனை மணி நேரம் நடந்திருக்க வேண்டும்? அந்தப் பதிவுக்கு 12 இலக்க எண் ஒன்று உண்டு. அந்த எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. தடுப்பூசியும் அவர் போட வேண்டும், எண்ணும் அவரே ஏற்ற வேண்டும். நான் வங்கியில் எழுத்தர். நாள் முழுக்க பதிவு போடுவதுதான் என் வேலை. அது தனியாக ஒரு ஆள் வேலை என்று எனக்குத் தெரியும். அதை நடந்து களைத்தவரின் தலையில் ராத்திரிக் கணக்காகக் கட்டினால், ஒன்று நடை குறையும், இல்லை பதிவு பொய்யாகும்.

இவ்வளவும் செய்தவர்களுக்கு என்ன கொடுத்தோம்? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, தேர்ச்சி பெற்றவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருசத்தில் நிரந்தரம் என்ற பேச்சு. இரண்டு வருசம் முடிந்தது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் கைக்குழந்தையோடு சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. உயர் நீதிமன்றத் தடை வந்தது. நோயாளிகளை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டார்கள். நோயாளிகளின் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் 7,700க்கு ஆள் வைப்பார்களா?

2020இல் கொரோனா வந்தது. மறுபடியும் ஒப்பந்தச் செவிலியர். உலகமே தொடாதே, தொடாதே, தள்ளி நில் என்று சொன்ன காலம். நமக்கு அது புதிதில்லை, தலைமுறையாகக் கேட்ட வார்த்தை. மற்றவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் தொட்டவர்கள் இந்தப் பெண்கள். கைதட்டினார்கள், ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள். 2022 டிசம்பர் 31 அன்று அவர்களின் ஒப்பந்தம் முடிந்தது, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. வாசலுக்குக் கொண்டுவருகிற பெண்ணின் பெயர் 'தன்னார்வலர்'. தன்னார்வலர்னா என்னங்க அர்த்தம்? சம்பளம்னு கேக்கக் கூடாது, அதுதான் அர்த்தம்.

சரி, ஐரோப்பா. அங்கே என்ன நடந்தது?

2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். லிண்டா எய்கன் என்ற செவிலியர் பேராசிரியரின் தலைமையில் செய்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளியைச் சேர்த்தால், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. பட்டம் படித்த செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடினால், அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. செவிலியர் எண்ணிக்கை என்பது உயிர்க்கணக்கு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இந்திய செவிலியர் மன்றத்தின் நெறிமுறையும் பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர் என்றுதான் சொல்கிறது. நம் ஊர் வார்டில் ராத்திரி போய் எண்ணிப் பாருங்கள். நாற்பது படுக்கை, தரையில் பாய் போட்டுப் பத்துப் பேர், ஒரு சிஸ்டர். 7 சதவீதத்தை எத்தனை தடவை பெருக்குவது?

இரண்டாவது, நெதர்லாந்து. வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் முறையை அங்கே நிர்வாகிகள் நிமிடக் கணக்காக வெட்டிவிட்டார்கள். ஊசிக்கு இத்தனை நிமிடம், குளிப்பாட்ட இத்தனை நிமிடம், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள். யோஸ் தே பிளாக் என்ற செவிலியர் 2006இல் 'பியூர்ட்சோர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கப் பராமரிப்பு என்று பொருள். நான்கு செவிலியரோடு தொடங்கியது. ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர். மேனேஜர் கிடையாது. யார் எந்த வீட்டுக்குப் போவது, எவ்வளவு நேரம் இருப்பது, எல்லாம் அவர்களே தீர்மானிப்பார்கள். இன்று சுமார் 10,000 பேர் வேலை செய்கிற அமைப்பு அது. தொடுகிறவளே தீர்மானிக்கவும் செய்தால் நிர்வாகம் சரிந்துவிடாது என்பதற்கு அது சாட்சி.

ஆனால் ஐரோப்பாவைச் சொர்க்கமாகக் காட்டுவதும் நமக்கு வேலையில்லை. பிரிட்டன் 1948இல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. ஆள் பற்றாத போது கரீபியத் தீவுகளிலிருந்து கறுப்பினப் பெண்களை வரவழைத்தது. அங்கே இரண்டு படிப்பு. மூன்று வருசம் படித்தால் பதிவு பெற்ற செவிலியர், மேலே மேலே போகலாம். இரண்டு வருசம் படித்தால் கீழ்நிலைச் செவிலியர், அங்கேயே நிற்க வேண்டியது. வந்த கறுப்புப் பெண்கள் பலரை விவரம் சொல்லாமலே இரண்டாவது படிப்பில் தள்ளினார்கள். ஊருக்குத் திரும்பினால் அந்தப் படிப்பு பல இடங்களில் செல்லாது. தொடுகிற வேலைக்குள்ளும் ஒரு மேல்படி, ஒரு கீழ்ப்படி. நமக்குப் புரியாத விஷயமா இது?

2000ஆம் ஆண்டு ஜூனில் ஐரோப்பிய நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் மியூனிக் நகரில் கூடி, செவிலியரும் மருத்துவச்சிகளும் சுகாதாரக் கொள்கை முடிவுகளில் எல்லா மட்டத்திலும் பங்கேற்க வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். அருமையான பிரகடனம். 22 வருசம் கழித்து, 2022 டிசம்பர் 15 அன்று பிரிட்டிஷ் செவிலியர் சங்கம் தன் 106 வருச வரலாற்றில் முதல் தடவையாக இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து முழுவதும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது. பிரகடனம் வேறு, சம்பளச் சீட்டு வேறு. அம்பேத்கரைப் படித்த நமக்குத் தெரியும், மேலே இருப்பவர் தாமாக இறங்கி வந்து இடம் கொடுத்ததாக எங்கும் வரலாறு இல்லை.

அடுத்து நம் திருப்பூருக்கு. பம்பாய் சட்டமன்றத்தில் 1928இல் பிரசவ கால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பு வகித்த காலத்தில்தான், 1944இல் அடார்க்கர் அறிக்கை வந்தது. அதிலிருந்து பிறந்தது 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் அல்லவா, அதன் வேர் அங்கே இருக்கிறது. உலகத்துக்கே பனியன் தைத்துக் கொடுத்த திருப்பூருக்கு 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனை கட்ட அடிக்கல் நட்டது எப்போது? 2019 பிப்ரவரியில்.

அதே 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் லீவு கிடையாது. சூப்பர்வைசர் ஒரு மாத்திரை தருவார். அதில் பெயர் இல்லை, தேதி இல்லை. முழுங்கிவிட்டு மிஷினில் உட்கார வேண்டும். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் செவிலியரோடு கூடிய சிகிச்சை அறை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொன்னது. நம்ம ஊர் வேலை எப்படி நடக்கிறது? கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், செக்கிங் ஒரு இடம், எல்லாம் ஜாப் ஒர்க். எங்கே 500 பேர் சேர்வது? அப்படியே ஒரு நர்சைப் போட்டாலும் அவருக்குச் சம்பளம் தருவது முதலாளி. இவளுக்கு இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று அவரால் எழுத முடியுமா? அந்தச் செவிலியரை இ.எஸ்.ஐ. நியமிக்க வேண்டும், இ.எஸ்.ஐ. சம்பளம் தர வேண்டும். பத்துச் சின்ன யூனிட்டுக்குச் சேர்த்து ஒரு செவிலியர், ஓய்வு எழுதிக் கொடுக்கிற அதிகாரத்தோடு. பியூர்ட்சோர்க்கிலிருந்து திருப்பூர் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

கடைசியாக இரண்டு விஷயம். இது நமக்குள்ளே பேச வேண்டியது.

ஒன்று, செவிலியர் சகோதரிகளுக்கு. நீங்கள் படித்து மேலே வந்தபோது மலச்சட்டி எங்கே போனது? அது மறையவில்லை. உங்கள் கையிலிருந்து ஆயாம்மா கைக்கும், அவர் கையிலிருந்து தூய்மைப் பணியாளர் கைக்கும் இறங்கியிருக்கிறது. கொங்குப் பகுதி ஆஸ்பத்திரிகளில் அந்தக் கடைசிக் கை பெரும்பாலும் அருந்ததியப் பெண்ணின் கை. இன்று அவர் காண்ட்ராக்ட் கம்பெனி ஆள். காண்ட்ராக்டில் இட ஒதுக்கீடு கிடையாது, பணிப் பாதுகாப்பு கிடையாது. 2009இல் போராடி வாங்கிய 3 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவருடைய மகள் இன்று நர்சிங் படிக்கிறாள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. அம்மா துடைக்கிற வார்டில் மகள் ஊசி போடப் போகிறாள். அன்றைக்கு அந்த மகள் அம்மாவை "ஏம்மா, இங்க வா" என்று அதட்டுவாளா, பக்கத்தில் உட்காரவைப்பாளா? செவிலியர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் தூய்மைப் பணியாளரின் நிரந்தரமும் இருக்க வேண்டும். அது இல்லாத சீர்திருத்தம், படிக்கட்டில் ஒரு படி ஏறி அடுத்தவர் தலையில் கால் வைப்பதுதான்.

இரண்டாவது, நம் இயக்கத்து ஆண்களுக்கு. நர்சு என்றால் சினிமாவில் காட்டுகிற கேலியை நாமும் பேசியிருக்கிறோம். நைட் டூட்டி பொண்ணு வேண்டாம் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் எழுந்து வந்த தோழர்கள் உண்டு. தீண்டாமையை எதிர்த்து மேடையில் முழங்கிவிட்டு, அந்நிய உடம்பைத் தொட்டவள் என்று ஒரு பெண்ணை வீட்டில் ஒதுக்கினால் அதுவும் தீண்டாமைதான்.

நாம் கேட்பது இவ்வளவுதான். தேர்வு எழுதி வந்தவர்களுக்கு நிரந்தரப் பணி. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளி என்ற வரம்பு சட்டமாக வேண்டும், அதை மீறினால் யார் பொறுப்பு என்பதும் சட்டத்தில் இருக்க வேண்டும். பதிவு வேலைக்குத் தனி ஆள். மலையூர்களுக்குப் பாதை. ஆலைகளுக்கு இ.எஸ்.ஐ. செவிலியர். மாவட்ட மருத்துவ நிர்வாகத்தின் மேசையில் செவிலியருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் நாற்காலி. 2022இல் திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, சந்தோசம். அந்தக் கட்டிடத்தில் மருந்து எழுதுகிறவர் மட்டும் தீர்மானிக்கிற வரைக்கும், பழைய அக்ரகாரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது போலத்தான்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் கையெழுத்துப் படிவம் வைத்திருக்கிறோம். இ.எஸ்.ஐ. செவிலியர் கோரிக்கை அதில் முதலாவது. மில் வேலைக்குப் போகிறவர்கள் யூனிட் பெயரையும், அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கையும் சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள். நைட்டிங்கேல் செய்தது போல எண்ணிக்கையோடு போய் நிற்போம்.